உப்பில் உமரி தழைக்கிறது. நெல் ஏன் கருகுகிறது?

வேதாரண்யம் பக்கத்தில், உப்பளத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஒரு விவசாயியின் வயலைப் பார்க்கப் போயிருந்தேன். ஒன்றேகால் ஏக்கர் நிலம். சம்பா நட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பச்சை பிடிக்க வேண்டிய பயிர் நுனி வெளுத்துச் சுருண்டு கிடந்தது. கீழ் இலைகள் கருகத் தொடங்கியிருந்தன. வரப்புக்கு அந்தப் பக்கம் தரிசு. அங்கே உமரி முழங்கால் உயரத்திற்குக் கொழுகொழுவென்று நின்றது. யாரும் நடவில்லை, உரம் போடவில்லை, தண்ணீர் கட்டவில்லை.

"பூமி ஒண்ணு, தண்ணி ஒண்ணுங்கய்யா. அந்தாண்ட பச்சையா நிக்குது, இந்தாண்ட கருகுது. களைக்கு மட்டும் உப்பு கரிக்காதுங்களா?" என்று அவர் கேட்டார்.

அது உப்பில் வாழும் செடி, இது நெல் என்று அன்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்துப் பார்த்தால் அது பதிலே அல்ல. உமரி எப்படி வாழ்கிறது என்பது தெரிந்தால்தான் நெல்லுக்கு எது முடியாது என்பதும், அந்த இடத்தில் நாம் என்ன செய்து கொடுக்க வேண்டும் என்பதும் விளங்கும். கடலோர மாவட்டங்களில் உவர் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உப்பு செய்யும் கெடுதல் என்ன என்று பார்ப்போம். மாவடு போடும்போது வடுவின் மேல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைக்கிறோம். மறுநாள் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, வடு சுருங்கியிருக்கிறது. நாம் தண்ணீர் ஊற்றவில்லை. வெளியே உப்பு மிகுந்திருந்ததால் காய்க்குள் இருந்த தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டது. உவர் நிலத்தில் பயிரின் வேருக்கு நேர்வதும் இதுதான். வயலில் தண்ணீர் நின்றாலும் வேரால் அதை இழுக்க முடிவதில்லை. காலடியில் தண்ணீர் இருக்கும்போதே பயிர் வறட்சியில் வாடுகிறது.

இரண்டாவது கெடுதல் மெதுவாக வருவது. சாப்பாட்டு உப்பில் பாதி சோடியம், பாதி குளோரின் என்று வைத்துக்கொள்ளலாம். சோடியம் தண்ணீரோடு சேர்ந்து வேர் வழியே ஏறி இலைக்குப் போகிறது. இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிவிடும். சோடியம் ஆவியாகாது, அங்கேயே தங்கும். இலைக்குள் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், செய்ய வேண்டிய வேலைகள் பல உண்டு. சோடியம் மிகுந்தால் அந்த வேலைகள் கெடுகின்றன. அதிக நாள் தண்ணீர் இழுத்த இலை பழைய இலைதான் என்பதால் அதில்தான் உப்பு அதிகம் சேரும். கீழ் இலை முதலில் கருகுவதற்கு இதுவே காரணம்.

ஆக, உப்பில் வாழ விரும்பும் எந்த ஜீவனும் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். உப்பையும் மீறித் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைக்க வேண்டும். உள்ளே வரும் சோடியத்தால் தனக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

சிவந்த பாத்தி

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பளத்தில் அதையே வெயிலில் சுண்ட வைத்து, 300 கிராமைத் தாண்டும்போது உப்பு உறையத் தொடங்குகிறது. அந்தக் கடைசிப் பாத்தித் தண்ணீர் பல சமயம் இளஞ்சிவப்பாக, சில நாள் செங்கல் நிறமாகக்கூட மாறும். ஏதோ துரு என்று நினைப்போர் உண்டு. துரு அல்ல, உயிர்கள்! ஒரு பொட்டுத் தண்ணீரைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால் கூட்டம் கூட்டமாகத் தெரியும்.

அவற்றுள் ஒன்று, பாக்டீரியா போலவே தோன்றினாலும் அந்த இனத்தைச் சேராத 'ஆர்க்கியா' வகை நுண்ணுயிர். இது வெளியே உள்ள உப்புக்கு ஈடாகத் தன் உடலுக்குள்ளும் உப்பை நிரப்பிக்கொள்கிறது. ஆனால் சோடியத்தை அல்ல. அதை வெளியே தள்ளிவிட்டுப் பொட்டாசிய உப்பை உள்ளே சேர்க்கிறது. உள்ளும் புறமும் சமமாகிவிட்டால் தண்ணீர் வெளியே இழுக்கப்படாது அல்லவா? இந்த உப்புக்குள்ளேயே வேலை செய்யும்படி அதன் உடல் புரதங்கள் அமைந்துவிட்டன. அதற்கு அது கொடுக்கும் விலை பெரியது. நல்ல தண்ணீரில் விட்டால் அதன் உடல் உடைந்து கரைந்து போகும். நமக்கு அமிர்தமான குளத்துத் தண்ணீர் அதற்கு விஷம்.

இன்னொன்று 'துனாலியெல்லா' என்னும் ஒற்றைச் செல் பாசி. இது உப்பை உள்ளே சேர்ப்பதில்லை. அதற்குப் பதிலாகக் கிளிசரினைத் தானே தயாரித்து உடலில் நிரப்பிக்கொள்கிறது. உதடு வெடித்தால் மருந்துக்கடையில் வாங்கித் தடவுகிறோமே, அதே கிளிசரின்தான். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். உயிருக்குக் கேடு செய்யாது. வெயிலின் கடுமையைத் தாங்கக் காரட்டில் உள்ள மஞ்சள் சத்தையும் இந்தப் பாசி திரட்டி வைக்கிறது. நல்ல சூழ்நிலையில் அதன் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இந்தச் சத்தே இருக்கும். ஆஸ்திரேலியாவில் இதற்காகவே இந்தப் பாசியை உப்புக் குளங்களில் வளர்த்து எடுக்கிறார்கள்.

இந்தப் பாசியைத் தின்று வாழ்வது 'ஆர்ட்டீமியா' என்ற சிறு உப்பு இறால். அது உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சேர்ந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. பாத்தி வற்றினால் முட்டை உறங்கிப்போகும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தீனியாகத் தருவது இதைத்தான். கோடியக்கரைப் பக்கம் வரும் பூநாரைகள் சிவந்திருப்பதும் இப்படிப்பட்ட இரையில் உள்ள நிறச்சத்தினால்தான்.

உப்பளத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. உப்பில் வாழ்வது இயலாத காரியமல்ல. ஆனால் எந்த உயிரும் அதை இனாமாகச் செய்வதில்லை. கிளிசரின் செய்யவும், உப்பை வெளியே தள்ளவும் சக்தி செலவாகிறது. அந்தச் சக்தி வளர்ச்சியிலிருந்து கழிகிறது.

உமரியும் அலையாத்தியும்

உமரியின் இலையைக் கிள்ளி நசுக்கினால் தண்ணீர் சொட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். உமரி உப்பை வேண்டாம் என்று தடுப்பதில்லை. உள்ளே விட்டு, ஒவ்வொரு செல்லின் நடுவிலும் உள்ள நீர்ப்பை ஒன்றில் அடைத்து வைக்கிறது. பாம்பைப் பெட்டிக்குள் வைத்து மூடியது மாதிரி. பெட்டிக்குள் உப்பு நிறைந்திருப்பதால் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கும் வலிமை கிடைக்கிறது. பெட்டிக்கு வெளியே, உயிர் வேலைகள் நடக்கும் இடத்தில், 'பீட்டெயின்' என்ற தீங்கற்ற பொருளை நிரப்பிச் சமன் செய்துகொள்கிறது. பாசி கிளிசரினைக் கொண்டு செய்ததை உமரி இதைக் கொண்டு செய்கிறது. பெட்டி பெருக்கப் பெருக்க இலை தடிக்கிறது. அந்தக் கொழுகொழுப்பின் ரகசியம் இதுவே.

பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் இன்னும் இரண்டு வழிகளைப் பார்க்கலாம். விழுதுபோல வேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னை, உப்பைப் பெரும்பாலும் வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. தண்ணீர் மட்டும் மேலே போகிறது. வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரமும் வேரில் வடிகட்டும். அதையும் மீறி ஏறிய உப்பை இலையில் உள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியே வெளியே கசியவிடும். வெயில் நேரத்தில் இலையைத் தடவி விரலை நக்கிப் பாருங்கள், உப்பு தெரியும்.

இந்த மூன்று வழிகளில் நெல்லுக்குத் தெரிந்தது ஒன்றே, அதுவும் அரைகுறையாக. உப்பை அடைத்து வைக்க உமரியைப் போன்ற தடித்த இலை அதற்கு இல்லை. கசியவிடும் சுரப்பியைக் கொண்டும் அது பிழைப்பதில்லை. வேரில் தடுக்கப் பார்க்கிறது. ஆனால் வேரின் சந்துகள் வழியே சோடியம் கசிந்து நுழைந்துவிடுகிறது. கடைசி உபாயமாக, வந்த உப்பைப் பழைய இலைகளில் தள்ளி அவற்றைப் பலி கொடுத்து, குருத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது. வயலில் கீழ் இலை கருகிக் குருத்து பச்சையாக இருந்தால் பயிர் இன்னும் போராடுகிறது என்று பொருள். குருத்தே வெளுத்தால் கைவிட்டுவிட்டது.

மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறோம். மண்ணை நீரில் குழைத்து எடுத்த சாற்றில் அந்த அளவு 3 டெசிசைமன் வரை நெல்லுக்குச் சேதமில்லை. அது லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமன் கூடும்போதும் மகசூலில் சுமார் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைகிறது. அளவு 7-ஐத் தொட்டால் பாதி போய்விடும். பருத்தி 7-க்கு மேலும் தாங்கும். கடல் நீரின் அளவு ஐம்பதை ஒட்டியது. நெல்லுக்கும் உமரிக்கும் உள்ள தூரத்தை இதிலிருந்து அறியலாம்.

ஆனால் நெல்லில் எல்லா ரகமும் ஒன்றல்ல. கேரளத்தின் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் கடலோரத்துப் பொக்காளி, வங்காளத்து நோனா பொக்ரா, நம் நாகப்பட்டினம் பக்கத்துக் குழியடிச்சான், களர்பாலை போன்றவை தலைமுறை தலைமுறையாக உப்பில் தேறி வந்த ரகங்கள். (வங்காள மொழியில் 'நோனா' என்றாலே உப்பு.) நோனா பொக்ராவில் சீன விஞ்ஞானிகள் 2005-ல் ஒரு மரபணுவை அடையாளம் கண்டார்கள். தண்டு வழியே மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப எடுத்து, இலைக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. பொக்காளியிலும் அதே மரபணு இழையின் அதே பகுதியில்தான் உப்பைத் தாங்கும் குணம் அமைந்திருக்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பொக்காளியின் அந்தக் குணத்தை வேறு ரகங்களுக்கு மாற்றப் பயன்படுத்தி வருகிறது. அலையாத்தியின் மரபணுவையே நெல்லில் சேர்க்கும் ஆராய்ச்சியைச் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்தார்கள். அது நம் வயலுக்கு வரவில்லை.

பொக்காளிக்கு இன்னொரு பலம் அதன் வேகமும் உயரமும். வேகமாக வளரும் உடலில், ஏறிய உப்பு பரவலாகிச் செறிவு குறைகிறது. ஆனால் உயர்ந்த பயிர் சாயும், மகசூலும் குறைவு. நான் முன்பு சொன்ன விலை இங்கும் உண்டு.

நெல்லின் பலவீனமான நாட்கள்

விவசாயிகள் மனதில் வைக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. நெல் எல்லா நாளும் உப்புக்கு ஒரே மாதிரி அஞ்சுவதில்லை. விதை முளைக்கும்போது ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலை விட்ட இளம் நாற்றாக இருக்கும்போது மிகவும் நொய்மையானது. தூர் கட்டும் பருவத்தில் மறுபடி தேறிவிடும். கதிர் உருவாகும் போதும் பூக்கும் போதும் திரும்பப் பலவீனமாகும். அப்போது உப்பு தாக்கினால் பயிர் பச்சையாகவே நிற்கும், கதிர் மட்டும் பதராகும். பால் பிடித்து முற்றும் காலத்தில் பெரிய ஆபத்தில்லை.

பொக்காளி விவசாயிகள் இதை ஆராய்ச்சி நிலையம் எதுவும் சொல்லாமலே அறிந்திருக்கிறார்கள். கோடையில் வயல் வற்றியதும் மண்ணைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைக்கிறார்கள். ஜூன் மாத மழை குவியலின் உச்சியிலிருந்து உப்பைக் கழுவி இறக்கிவிடுகிறது. அந்த உச்சியில் முளை கட்டிய விதையை விதைக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் நாற்று அங்கேயே வளர்கிறது. பிறகு குவியலைக் கொத்தி, மண்ணோடு நாற்றைச் சுற்றிலும் பரப்பிவிடுகிறார்கள். நொய்மையான நாட்கள் முழுவதும் உப்பில்லாத உச்சியில் கழிந்துவிடுகின்றன. அறுவடை முடிந்ததும் அதே வயலில் கடல் நீரை விட்டு இறால் வளர்க்கிறார்கள்.

இங்கே நாம் அந்தக் குவியலை அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை, நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. ஆனால் கணக்கு ஒன்றே: உப்பு மிகுந்த நாளும் பயிரின் பலவீனமான நாளும் சந்திக்கக் கூடாது.

மண்ணைப் பரிசோதிக்காமல் எதையும் தொடங்காதீர்கள். உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. கோடையில் வெள்ளையாகப் பூக்கும். கார அமிலத் தன்மை 8.5-க்குக் கீழே இருக்கும். களர் நிலத்தில் சோடியம் மண் துகளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமிலத் தன்மை 8.5-க்கு மேல், நனைந்தால் கொழகொழக்கும், காய்ந்தால் கல்லாகும், தண்ணீர் இறங்காது. களருக்கு ஜிப்சம் மருந்து. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் துகளிலிருந்து கழற்றிவிடும். வெறும் உவருக்கு ஜிப்சம் வீண்செலவு. வேலையில் சேர்ந்த புதிதில், வெள்ளைப் பூப்பைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் ஒரு விவசாயிக்கு ஜிப்சம் போடச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து மண் பரிசோதனை முடிவு வந்தது: கார அமிலத் தன்மை 7.8. அவர் கடன் வாங்கி வாங்கிய ஜிப்சம். அன்று முதல் தாள் கையில் வராமல் நான் வாயைத் திறப்பதில்லை.

உவர் நிலத்துக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வைத்து வடிக்க வேண்டும். ஓரடி ஆழ மண்ணிலிருந்து உப்பில் ஐந்தில் நான்கு பங்கை இறக்க ஏறக்குறைய ஓரடித் தண்ணீர் மண்ணின் வழியே இறங்கியாக வேண்டும். ஒரே தடவையாக அல்லாமல் இரண்டு மூன்று தடவை தேக்கி வடித்தால் இன்னும் நல்லது. வடிகால் வயலைவிடத் தாழ்வாக இல்லையென்றால் கழுவிய உப்பு போக இடமின்றித் திரும்ப ஏறிவிடும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்த நாகப்பட்டினம் வயல்களைப் பார்த்து, பத்து வருடத்துக்கு இதில் பயிர் இல்லை என்று பலரும் சொன்னார்கள். 2005-ன் வடகிழக்குப் பருவமழை கனத்துப் பெய்தது. தண்ணீர் வடிந்து போக வழியிருந்த வயல்கள் பலவற்றில் அடுத்த சம்பாவே விளைந்தது.

நாற்றங்காலை ஒருபோதும் உவர் நிலத்தில் விடாதீர்கள். வீட்டுக் கொல்லையோ, மேட்டு நிலமோ, பக்கத்து ஊர் உறவினர் வயலோ, நல்ல தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து விடுங்கள். 135 நாள் ரகமானால் 30 முதல் 35 நாள் வரை நாற்று முற்றட்டும். குத்துக்கு நான்கு நாற்று, சற்று நெருக்கமாக நடுங்கள். இளம் நாற்றை ஒற்றையாக நடும் முறை நல்ல நிலத்துக்கு ஏற்றது; இங்கே வேண்டாம். நட்ட பிறகு வயலைக் காயவிடக் கூடாது. நிற்கும் தண்ணீர் பாதியாகச் சுண்டினால் அதிலுள்ள உப்பு இரட்டிப்பாகும். பொதி கட்டும் பருவத்திலிருந்து பூத்து முடியும் வரை கிணற்று உப்புத் தண்ணீரைத் தவிர்த்து, கைவசமுள்ள நல்ல தண்ணீரை அந்த மூன்று நான்கு வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். சோடியத்தோடு போட்டியிடுவது பொட்டாசியம் என்பதால் சாம்பல் சத்தைக் குறைக்க வேண்டாம்.

களர் நிலம் என்று முடிவு வந்தால், பரிசோதனையில் குறித்த அளவு ஜிப்சம் இட்டு, தண்ணீர் கட்டி வடித்து, ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். காரத்தில் தழைச்சத்து ஆவியாகிப் போவதால் வழக்கத்தைவிடக் கால் பங்கு கூட்டியும், துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 15 கிலோவும் இட வேண்டும். களரைத் தாங்குவதற்கென்றே திருச்சியிலுள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி ஆராய்ச்சி நிலையம் தந்த திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் இருக்கின்றன. கோ 43-ம் ஓரளவு தாங்கும். எந்த ரகமானாலும் அது நெல்தான், உமரி அல்ல. ரகம் ஒன்றை மட்டும் நம்பி வரப்பையும் வடிகாலையும் விட்டுவிட்டவர்கள் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மண் மாதிரியைக் கோடையிலேயே எடுத்துவிடுங்கள். வெள்ளை பூத்த இடம் தனி, பயிர் நன்றாக வரும் இடம் தனி. இரண்டையும் கலந்து கட்டினால் முடிவு எதற்கும் உதவாது. கிணற்றுத் தண்ணீரையும் ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துச் சென்று அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

வேதாரண்யத்து விவசாயியின் வயல் உவர் என்றே முடிவு வந்தது. மறு ஆண்டு ஆவணியில் வரப்பை ஒன்றரை அடிக்கு உயர்த்தினார். முதல் மழையை இரண்டு தடவை தேக்கி வடித்தார். குளத்துத் தண்ணீர் பாயும் மேட்டில் நாற்று விட்டு, 32-ஆம் நாள் நட்டார். முந்தைய ஆண்டு கருகிய இடத்தில் பெரும்பகுதி விளைந்தது. வடிகால் ஓரத்தில் தாழ்ந்த ஒரு பத்து சென்ட் மட்டும் எதற்கும் மசியவில்லை. அதை என்ன செய்வது என்று கேட்டார். அந்த வழியாகத்தான் வயலின் உப்பெல்லாம் வெளியேறுகிறது, அதில் நெல்லை நட்டுக் காசைக் கரைக்காதீர்கள் என்றேன். இப்போது அங்கே உமரி நிற்கிறது. அவர் வீட்டம்மா கொழுந்தைக் கிள்ளி, வேக வைத்து, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடைகிறார்களாம். கீரைக்கு உப்பு மட்டும் போடுவதில்லையாம்.